வாய்க்கரிசி வாங்கிய கிணறு

காரைமேட்டு ஒன்பதாம் நம்பர் கிணற்றுக்குள் முந்நூறு மீட்டர் ஆழத்துக்கு இறக்கிய உள்ளங்கை அகலச் சிமெண்டுக் கட்டி ஒன்று, மறுநாள் காலையில் முந்நூறு வருஷத்து வயதோடு மேலே வந்தது. மங்கையர்க்கரசி அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், குறுக்கே அறுத்து அளந்தாள், நோட்டில் எழுதினாள், பிறகு, "காத்தாயம்மா, ஒரு டீ" என்றாள். டீயைக் கொண்டுவந்து வைத்த காத்தாயியும் கட்டியைப் பார்த்துவிட்டு, "நல்லா வயசாயிருச்சுங்க" என்றாளே தவிர ஆச்சரியப்படவில்லை. அடுத்த நாள் நூறு மீட்டரில் போட்டது நூறு வருஷத்தோடு வந்தது, அதற்கடுத்த நாள் நானூறில் போட்டது நானூறோடு வந்தது, அந்த வாரம் முடிவதற்குள் மீட்டருக்கு ஒரு வருஷம் என்பது டீக்கடை வரைக்கும் தெரிந்துபோனது. ஏன் அப்படி என்று யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. ஐந்து மணி பஸ் ஏழு மணிக்கு வருவதற்கே அந்த ஊரில் இன்னும் காரணம் கண்டுபிடித்தபாடில்லை.

மங்கையர்க்கரசி சீர்காழிப் பக்கத்துப் பெண், முப்பத்தெட்டு வயது, குள்ளம், சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பேனா. சென்னையிலிருந்து கம்பெனி அவளை அனுப்பியிருந்தது. ஆலைப் புகைபோக்கிகளில் பிடித்த கரியமில வாயுவைப் பூமிக்கடியில், ஒரு காலத்தில் எண்ணெய் இருந்து இப்போது காலியாகக் கிடக்கும் பாறைக்குள் அடைத்துவைக்கக் கம்பெனி திட்டம் போட்டிருந்தது. வாயுவை இறக்கப்போகும் புதுக்கிணறு பத்து கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் அந்தப் பாறை காரைமேட்டின் காலடி வரை படுத்திருந்தது. உள்ளே போன வாயு மேலே வரத்தான் பார்க்கும், மேலே வர அதற்கு இருந்த ஒரே சந்து முப்பத்தேழு வருஷத்துக்கு முன் மூடிய இந்தப் பழைய எண்ணெய்க் கிணறு. மேலே இருந்த அடைப்புகளையெல்லாம் குடைந்து எடுத்துவிட்டார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரம் மீட்டருக்குக் கீழே அறுபது மீட்டர் கனத்துக்குப் போட்டிருந்த சிமெண்டு அடைப்பு ஒன்றுதான் மிச்சம். அது எத்தனை காலம் தாங்கும் என்று சொல்வது மங்கையர்க்கரசியின் வேலை. நூறு வருஷம், ஆயிரம் வருஷம் என்று யாரும் உட்கார்ந்து பார்க்க முடியாததால் அவள் ஆறு வருஷமாகக் கணிப்பொறியில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அந்தக் கணக்கு எப்படிப்பட்டது என்பதை அவள் ஊராருக்கும் மறைக்கவில்லை. வாயு தண்ணீரில் கரைந்தால் தண்ணீர் சோடாபோலப் புளித்துவிடும், புளித்த தண்ணீர் சிமெண்டைத் தின்னும், ஆனால் தின்ற இடத்திலேயே சுண்ணாம்புக்கல் போல ஓர் ஓடு படியும், ஓடு தடிக்கத் தடிக்கத் தின்பது மெதுவாகும். முதல் வருஷம் அரை மில்லிமீட்டர் போகும், நூறு வருஷத்தில் ஐந்துதான் போகும், நானூறில் பத்து, தொள்ளாயிரத்தில் பதினைந்து. கணிப்பொறியில் அவள் ஆறு வருஷம் முன்பு வரைந்த கோட்டின்மேல், வாயு கரைத்த கிணற்றுத் தண்ணீரில் ஊறிய கட்டிகள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. ஒரு மயிரிழைகூட விலகவில்லை. பார்க்காத நூற்றாண்டுகளை ஓர் அறைக்குள் உட்கார்ந்து இவ்வளவு துல்லியமாகச் சொன்ன பெண்ணை ஊர் வாயைப் பிளந்து பார்த்தது. கிணறு காலத்தை ஓட்டியதைவிட அவள் கணக்கு பலித்ததுதான் காரைமேட்டுக்குப் பெரிய விஷயம். "நாலு மடங்கு காலம், ரெண்டு மடங்கு அரிப்பு" என்று டீக்கடையில் மேஜையைத் தட்டிச் சொல்கிற அளவுக்கு அந்தக் கணக்கு பரவியது.

ஊர் கிணற்றைச் சும்மா விடுமா? புதன்கிழமையும் சனிக்கிழமையும் ஊருக்கு, மற்ற நாளெல்லாம் சிமெண்டுக்கு என்று பஞ்சாயத்தில் முடிவாயிற்று. மங்கையர்க்கரசி மூடி இறுகிய எஃகுக் குடுவை ஒன்றை இதற்கென்றே ஒதுக்கிக் கொடுத்தாள். முறுக்குக் கடை சிவகாமி தன் முறுக்கை ஐந்து மீட்டருக்கு இறக்கி எடுத்து, எல்லார் முன்னாலும் கடித்துக் காட்டினாள், அந்தச் சத்தம் கடைசி வரிசை வரை கேட்டது. அன்றிலிருந்து அவள் கடை வாசலில் 'ஐந்து மீட்டர் முறுக்கு' என்று போர்டு தொங்குகிறது. கல்யாணப் பட்டுப்புடவையை இருபத்தைந்து மீட்டருக்கு இறக்கிய பெண்வீட்டார், ஜரிகை கறுத்து வந்ததைப் பார்த்து, இருபத்தைந்து வருஷம் உழைத்தால் போதும் என்று மனம் தேறி முகூர்த்தத்தை நடத்தினார்கள். செல்போன் மூன்றாவது மீட்டரிலேயே செத்தது, அதைச் சொல்ல ஒரு கிணறு வேண்டியதில்லை என்றார்கள். வரப்புத் தகராறில் இருபது வருஷமாகக் கோர்ட்டுக்கு நடந்த பங்காளிகள் இருவர் எல்லைக்கல்லை இருநூறு மீட்டருக்கு இறக்க, கல் போன மாதிரியே வந்தது, "பாத்தியா, நான் சொன்ன மாதிரியேதான் இருக்கு" என்று இருவருமே சொல்லிக்கொண்டு போனார்கள். முன்னாள் தலைவர் வீரசேகரன் சமுதாயக் கூடத்தில் பதித்திருந்த தன் பெயர்ப் பலகையைப் பெயர்த்து வந்து நாற்பது மீட்டருக்குப் போட்டார். அது மொழுமொழுவென்று, ஓர் எழுத்துக்கூட இல்லாமல் வந்தது. துண்டில் சுற்றி அக்குளில் வைத்துக்கொண்டு போனவர் மூன்று மாதத்துக்கு எந்த விழாவிலும் ரிப்பன் வெட்டவில்லை.

சந்தேகம் கேட்கிறவர்களும் இருந்தார்கள். அப்படியானால் அடியில் இருக்கிற அடைப்புக்கு இப்போதே ஆயிரத்துத் தொள்ளாயிரம் வயதா என்று தையற்காரர் கேட்டதற்கு, போய்விட்டு வருகிறதுக்குத்தான் கிணறு வயது ஏற்றுகிறது, அங்கேயே இருக்கிறதுக்கு நம் காலண்டர்தான் என்று பதில் வந்தது. அப்படியானால் இறக்கி ஏற்றுகிற கம்பி மட்டும் ஏன் துருப்பிடிக்கவில்லை என்றார். அது வேலைக்குப் போகிறது, பிரயாணம் போகவில்லை என்றார்கள். அவரும் ஒத்துக்கொண்டார்.

ஒரே ஒரு தடவை ஊர் கலங்கியது. லூர்துமேரி, துபாயிலிருக்கும் மகனுடைய போட்டோவைக் குடுவைக்குள் வைத்து அறுபது மீட்டருக்கு இறக்கச் சொன்னாள். வந்தது ஒரு வெள்ளை அட்டை. அவள் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டு, கம்பி சுற்றும் விஞ்சு எந்திரத்தின் பக்கத்திலேயே மதியம் வரை உட்கார்ந்திருந்தாள். உயிருள்ளது எதையும் இறக்கக் கூடாது, ஆள் படம் எதையும் இறக்கக் கூடாது என்று அன்றைக்கே எழுதிப் போட்டார்கள்.

காத்தாயிக்கு இதெல்லாம் பார்க்கப் பெருமையாக இருந்தது. அவளுக்கு அறுபத்தொரு வயது. கிணற்றடியில் கம்பெனி போட்டிருந்த முகாமில் டீ போடுவது, கட்டிகளைக் கழுவித் துடைத்து வைப்பது அவள் வேலை. ஆனால் ஊரில் அவளுக்கு இருந்த மரியாதை டீயால் வந்ததல்ல. முப்பத்தேழு வருஷத்துக்கு முன் இந்தக் கிணற்றை மூடியபோது காண்டிராக்டில் சிமெண்டு மூட்டை பிரித்துக் கொட்டிய ஏழு பேரில் அவள் ஒருத்தி. அவள் புருஷன் அய்யாக்கண்ணு உட்பட மற்ற ஆறு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கட்டிகள் ஒவ்வொன்றாகக் கெட்டியாக மேலே வர வர, "நம்ம ஆளுங்க போட்ட சிமெண்டுய்யா" என்று ஊர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டது, குடியரசு தினத்தன்று காத்தாயியை மேடையேற்றித் துண்டு போர்த்தியது.

அவள் கைக்கும் ஒரு வேலை கிடைத்திருந்தது. எந்தக் கட்டி எந்தக் கலவை என்று தெரிய மங்கையர்க்கரசி சீட்டு ஒட்டினால் சீட்டு கரைந்து போனது, பெயிண்ட் அடித்தால் பெயிண்ட் உரிந்து போனது, இறுகிய கட்டியில் ஆணியால் மேலோடு கீறிய நம்பர் தேய்ந்து போனது. "காத்தாயம்மா, உங்க கட்டை விரலைக் குடுங்க" என்றாள் ஒருநாள். ஈரச் சிமெண்டில் விரலை அழுத்திவிட்டால் ஒரு குழி, இரண்டு குழி, மூன்று குழி என்று எண்ணிக்கொள்ளலாம். காத்தாயிக்கு எழுத்து வராது. காண்டிராக்டு நாட்களில் மைப்பெட்டியில் விரலை அழுத்தி, பிறகு யாரும் பார்க்காமல் முந்தானையில் தேய்த்துக்கொள்வாள். மூட்டை பிரிக்கும் கத்தி அந்தக் கட்டை விரலில் குறுக்காக ஒரு தழும்பும் போட்டிருந்தது. கூசிக் கூசி மறைத்த விரலை ஒருத்தி கேட்டு வாங்கியது இதுவே முதல் தடவை.

அப்படி இருக்கையில்தான் ஜீப் டிரைவர் சாமிதுரை, டம்ளரில் மிச்சமிருந்த டீயை எங்கே கொட்டுவது என்று பார்த்து, பக்கத்திலிருந்த சிமெண்டுச் சட்டிக்குள் கொட்டிவிட்டுப் போனான். மறுநாள் அந்தச் சட்டியில் வார்த்த கட்டிகள் எல்லாம் சேறாகக் கிடந்தன. மங்கையர்க்கரசி கோபப்பட்டு ஊர் பார்த்தது அன்றுதான்.

"சர்க்கரை பட்டா சிமெண்டு இறுகாதுய்யா! ஒரு மூட்டைக்கு ஒரு பிடி போதும், நாள் கணக்கா அப்படியே கிடக்கும். கூடப் போச்சுன்னா ஒழுங்கா இறுகவே இறுகாது. இனிமே இந்த முகாமுக்குள்ள சர்க்கரையே வரக் கூடாது!"

அன்றிலிருந்து முகாமில் எல்லோரும் வெறும் கசப்பு டீ குடித்தார்கள். சாமிதுரையை எல்லோரும் திட்டினார்கள். ஒருத்தி மட்டும் திட்டவில்லை. காத்தாயி அந்தச் சேற்றுக் கட்டியைக் கையில் எடுத்து, விரலை வைத்து, விரல் உள்ளே போய்க்கொண்டே இருந்ததைப் பார்த்தாள். பிறகு கிணற்றின் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

ஏனென்றால் அந்தக் கிணறு ஒன்பது வருஷம் அவர்களுக்குச் சோறு போட்ட கிணறு. அதை மூடப் போகிறோம் என்று சொன்னபோது ஏழு பேருக்கும் துக்கம் தாங்கவில்லை. சாகப் போகிறதை வெறும் வாயோடு அனுப்பக் கூடாது என்று முடிவு செய்தார்கள். எஞ்சினியர்கள் சாப்பிடப் போன நேரத்தில், சிமெண்டு கலக்கிய தொட்டியைச் சுற்றி நின்று, ஆளுக்கு மூன்று தடவை வாய்க்கரிசி போட்டார்கள். அதோடு விட்டிருந்தால் அரிசி பாட்டுக்கு அரிசியாகப் போயிருக்கும். "வெறும் அரிசிய அது எப்புடி முழுங்கும்? சோறு போட்ட சாமிக்கு இனிப்புக் குடுக்க வேணாமா?" என்று கேட்டது காத்தாயி. ஏழு வீட்டிலும் சேர்த்து ஒரு சிப்பம் வெல்லம் வாங்கியிருந்தாள், முப்பது கிலோ, அதைக் காய்ச்சி அண்டாவில் கொண்டுவந்து, ஒரு சொட்டு மீதி வைக்காமல் அவளே ஊற்றினாள். அறுபது மூட்டை சிமெண்டுக்கு ஒரு சிப்பம் வெல்லம். அன்று கும்பிட்டபோது அவள் கண்ணில் தண்ணீர் வந்தது, எவ்வளவு நல்ல காரியம் செய்தோம் என்று பல வருஷம் நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டிருக்கிறாள்.

இப்போது என்ன செய்வது? சொன்னால் ஊர் காறித் துப்பும். அது பரவாயில்லை. செத்துப்போன ஆறு பேரும் அல்லவா மறுபடி ஒருமுறை சாக வேண்டும், நம்ம ஆளுங்க என்று தலைநிமிர்ந்து சொன்ன வாயாலேயே அவர்களைத் திட்டுவார்களே. சொல்லாவிட்டால் மங்கையர்க்கரசி நல்ல சிமெண்டை அளந்து, கெட்ட அடைப்புக்கு நல்ல சர்டிபிகேட் எழுதுவாள். அந்தச் சர்டிபிகேட்டை நம்பி வாயுவை உள்ளே விடுவார்கள். நிறம் இல்லாத, வாசனை இல்லாத அந்த வாயு காற்றைவிடக் கனம், மேலே வந்தால் தரையோடு தரையாகப் படுத்துக்கொள்ளும் என்று மங்கையர்க்கரசியே சொல்லக் கேட்டிருந்தாள். காத்தாயி தரையில் பாய் போட்டுப் படுக்கிறவள். அந்த ஊரில் பாதிப்பேர் அப்படித்தான்.

நான்கு நாள் அவள் டீ தண்ணீராக இருந்தது, யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் வீட்டிலேயே கொஞ்சம் சிமெண்டைக் குழைத்து, அன்றைக்கு ஊற்றிய அதே அளவுக்கு வெல்லம் விட்டு, கட்டி பிடித்து, வாரக்கணக்கில் வெயிலில் வைத்துப் பார்த்தாள். அதற்குள் அடைப்பு தாங்கும் என்று மங்கையர்க்கரசியின் முதல் அறிக்கை சென்னைக்குப் போய்விட்டது. வெல்லக் கட்டி ஏதோ கட்டிபோல நின்றது. அதில் விரலை வைத்து, கழுவிய கட்டிகளோடு கட்டியாகக் கூடைக்குள் வைத்து அனுப்பினாள். நானூறு மீட்டர் போய் வந்த கூடையில் எல்லாக் கட்டிகளும் இருந்தன, அவளுடையது இருந்த இடத்தில் மட்டும் வழவழவென்று கொஞ்சம் சாம்பல் வண்டல் இருந்தது.

"இங்க என்ன இருந்துச்சு?" என்றாள் மங்கையர்க்கரசி.

காத்தாயி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அது நாந்தாங்க வச்சேன். கீழ இருக்கிறதும் அதாங்க மேடம்" என்று ஆரம்பித்து, வாய்க்கரிசியிலிருந்து அண்டா வரை ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லி முடித்து, "அவங்க மேல தப்பில்லீங்க. வெல்லம் என் யோசனை. ஊத்துனதும் இந்தக் கைதாங்க" என்று கையை நீட்டினாள்.

மங்கையர்க்கரசி திட்டவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. நோட்டைத் திறந்து பேனாவை எடுத்தாள். "முப்பது கிலோன்னு நல்லா ஞாபகம் இருக்கா? காய்ச்சி ஊத்துனீங்களா, கட்டியா போட்டீங்களா? அண்டா முழுக்கவா? எந்த மூட்டை போயிட்டு இருந்தப்ப ஊத்துனீங்க?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். காத்தாயி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். முப்பத்தேழு வருஷமாகக் கும்பிட்ட நாள் அது, அதில் எதை மறப்பாள்? கடைசியில் மங்கையர்க்கரசி நோட்டை மூடி, "ஆறு வருஷமா என் கணக்குல எல்லாம் இருந்துச்சு, இது ஒண்ணுதான் இல்ல. உங்களைத் தவிர வேற யாராலயும் இதைக் குடுத்திருக்க முடியாது, காத்தாயம்மா" என்றாள். அப்போதுதான் காத்தாயிக்கு அழுகை வந்தது.

பத்து நாள் மங்கையர்க்கரசி கணிப்பொறியை விட்டு எழவில்லை. இறுகாத சிமெண்டில் புளித்த தண்ணீர் எப்படி நுழையும், ஓடு படிய நேரம் கொடுக்குமா, எத்தனை வருஷத்தில் மேலே வரை வழி பிறக்கும் என்று புதிதாகக் கோடு வரைந்தாள். அந்தக் கோடு முந்நூற்று நாற்பதாவது வருஷத்தில் அறுபது மீட்டரையும் தாண்டி வெளியே வந்தது. வெல்லக் கட்டிகளை வார்த்துக் கிணற்றில் போட்டுச் சரிபார்த்தாள். இருநூறில் ஊறிய ரஸ்க் வந்தது, முந்நூறில் மாவு வந்தது, முந்நூற்று நாற்பதில் வெறுங்கூடை வந்தது. தன் முதல் அறிக்கை தப்பு என்று அவளே எழுதி, காத்தாயியின் வாக்குமூலத்தையும் கைநாட்டோடு இணைத்துச் சென்னைக்கு அனுப்பினாள். ஆறு வருஷ உழைப்பைத் தன் கையாலேயே அடித்துவிட்டு, அடித்த கையோடு மிச்சமிருந்த கசப்பு டீயைக் குடித்த அந்த மனுஷியை எப்படிப் புகழ்வது என்று காரைமேட்டுக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

சென்னையிலிருந்து தலைமைப் பொறியாளர் இளமுருகு நேரில் வந்தார். புயல் பாதுகாப்புக் கட்டடத்தில் கூட்டம் போட்டார்கள். இளமுருகு கெட்டவர் அல்ல, அவசரக்காரர். முதல் அறிக்கையில் பச்சை மையில் கையெழுத்துப் போட்டு, காரைமேட்டுக்கு ஒன்றும் ஆகாது என்று பஞ்சாயத்துச் சுவரில் ஒட்டவும் சொல்லியிருந்தவர்.

"ஒரு கைநாட்டு சொன்னதை வச்சுத் திட்டத்தையே மாத்தச் சொல்றீங்களா, மங்கை?" என்றார்.

"அந்தக் கைநாட்டு வச்ச கட்டிகளை நம்பித்தானே சார் முதல் அறிக்கையில கையெழுத்துப் போட்டீங்க?" என்றாள் மங்கையர்க்கரசி.

கூட்டம் சிரித்தது. முறுக்கு சிவகாமிக்குச் சிரிப்பு மட்டும் போதவில்லை. எழுந்து போய்ப் பஞ்சாயத்துச் சுவரிலிருந்த பச்சை மை அறிக்கையைக் கிழித்து எடுத்து, நேரே கிணற்றடிக்குப் போய், அன்று புதன்கிழமை என்பதால் யாரிடமும் கேட்காமல் குடுவையில் வைத்து நூறு மீட்டருக்கு இறக்கச் சொன்னாள். இளமுருகும் கூடவே போய் நின்றார். மேலே வந்த குடுவையைத் திறந்தபோது ஒரு பிடி பழுப்புத் தூள் இருந்தது, ஊதினால் பறந்தது. அவர் அந்தத் தூளை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "பழைய அடைப்பைக் குடைஞ்சு எடுத்துட்டுப் புதுசாப் போடலாம்னா, எனக்கு ஆட்சேபணை இல்ல" என்றார். பிறகு ஊரைப் பார்த்து, "ஆனா ஒண்ணு. புதுசாப் போட்டா மேல வரைக்கும் மூடிடுவோம். உங்க வருஷக் கிணறு அதோட போச்சு" என்றார்.

அதை யாரும் யோசித்திருக்கவில்லை. கட்டடத்துக்குத் திரும்பிய கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. முந்நூற்று நாற்பது வருஷம் என்பது சும்மாவா, அதற்குள் எவ்வளவோ பேர் எவ்வளவோ கண்டுபிடிப்பார்கள், அதற்காக இன்றைக்கு இருக்கிற கிணற்றை மூடுவதா என்றார் வீரசேகரன். இத்தனையும் யாரால் வந்தது என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. எல்லோரும் காத்தாயியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

காத்தாயி எழுந்தாள். மேடையில் போர்த்திய துண்டை மடித்துக் கையில் கொண்டுவந்திருந்தாள், அதை மேஜைமேல் வைத்தாள். "என்னாலதான். அந்த ஆறு பேரும் என் பேச்சக் கேட்டவங்க, அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க. நான் ஊத்துனத நானே எடுக்கணும்னா முடியாது. நீங்க மனசு வச்சாத்தான் முடியும். கேட்டுக்கறேன்" என்றாள்.

லூர்துமேரி எழுந்து மடியிலிருந்த வெள்ளை அட்டையை எடுத்தாள். அதை அவள் எங்கே போனாலும் கொண்டுபோவாள். "எம்புள்ள மொகம் அறுபது வருஷத்துல இல்லாமப் போச்சு. முந்நூத்தி நாப்பது வருஷம் கழிச்சு இங்க பாய் போட்டுப் படுக்கப்போறது யாரு மொகம்னு எனக்குத் தெரியாது. ஆனா அதுவும் யாரோ பெத்த புள்ளதானே?" என்றாள். பிறகு அந்தத் துண்டை எடுத்துக் காத்தாயியின் தோளில் திரும்பப் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். சிவகாமி கையைத் தூக்கினாள், பங்காளிகள் இருவரும் ஒரே நேரத்தில் தூக்கினார்கள், தையற்காரர் தூக்கினார். வீரசேகரன் சுற்றிலும் பார்த்துவிட்டு, தூக்காமல் இருந்தால் நன்றாக இருக்காது என்று தூக்கினார். நாற்பது மீட்டரில் பெயர் போனவர் முந்நூற்று நாற்பதுக்குக் கை தூக்கிய அழகைக் காத்தாயி மறக்கவே இல்லை.

மூன்று மாதம் குடைந்தார்கள். வெல்லம் கலந்த பழைய அடைப்பு சாம்பல் குழம்பாக மேலே வந்தது, மோந்து பார்த்த சிலர் பாகு வாசனை அடிக்கிறது என்றார்கள். புதுச் சிமெண்டு ஊற்றுகிற நாளில் ஊர் மொத்தமும் திரண்டது. மறுபடி சாகப் போகிற கிணற்றை மறுபடி வெறும் வாயோடு அனுப்புவதா என்ற கேள்வியும் மறுபடி எழுந்தது. அதற்கும் காத்தாயிதான் வழி சொன்னாள். முகாமுக்கு வெளியே, தொட்டியிலிருந்து இருநூறு அடி தள்ளி, இரண்டு அண்டாவில் சர்க்கரைப் பொங்கல் வைத்தாள். கிணற்றுக்கு உரியதைக் கிணற்றின் பேரைச் சொல்லி ஊரே சாப்பிட்டது. சாப்பிட்ட ஒவ்வொருவரும் சோப்புப் போட்டுக் கை கழுவி, மங்கையர்க்கரசியிடம் கையை நீட்டிக் காட்டிவிட்டுத்தான் தொட்டி பக்கம் போக முடிந்தது. அவள் கதவருகே நின்று ஒவ்வொரு கையாக மோந்து பார்த்தாள், இளமுருகின் கையை இரண்டு தடவை மோந்தாள். சாமிதுரையை உள்ளே விடவே இல்லை.

தொட்டியிலிருந்து எடுத்த அதே சிமெண்டில் இரண்டு கட்டி வார்த்தார்கள். இரண்டிலும் காத்தாயி விரலை அழுத்தினாள், இந்த முறை கூசவில்லை. அடியில் அடைப்பு இறுகியதும், மேலே மூடுவதற்கு முன்னால், கடைசியாக ஒருமுறை கூடை இறங்கியது. இதுவரை எந்தக் கட்டியும் போகாத ஆழம் அது, புது அடைப்பின் தலைமாடு, ஆயிரத்துத் தொள்ளாயிரம் மீட்டர். விஞ்சு நாள் முழுக்கச் சுற்றியது, ஊர் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தது.

கூடை வந்தது. இரண்டு கட்டிகளும் இருந்தன. மங்கையர்க்கரசி ஒன்றை எடுத்து அறுத்து, அளவுகோலை வைத்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தாள். இருபத்திரண்டு மில்லிமீட்டர் என்றாள். கோட்டிலிருந்த எண்ணும் அதுதான். இருபத்திரண்டு மில்லிமீட்டருக்கு உள்ளே சிமெண்டு நேற்று வார்த்தது போல இருந்தது. இன்னொன்றை அவள் அறுக்கவில்லை. "இது உங்களுக்கு" என்று காத்தாயியின் கையில் வைத்தாள்.

காத்தாயி வழக்கம்போல அதைக் கழுவினாள். இதுவரை குழியை எண்ணிப் பார்த்ததோடு சரி, அறுபட்டுப் போகிற கட்டியை யாரும் உற்றுப் பார்த்ததில்லை. வண்டல் போனதும் குழிக்குள் ரேகை தெரிந்தது. சுற்றிச் சுற்றி ஓடிய கோடுகள், அதைக் குறுக்கே வெட்டிய கத்தித் தழும்பு, தழும்பின் ஓரத்தில் தையல் போட்ட இரண்டு புள்ளிகூடத் தெரிந்தன. முதலில் படிந்த ஓடு அதைக் கல்லாக்கி வைத்திருந்தது. தன் கட்டை விரலை அதில் வைத்தாள். பொருந்தியது. வீரசேகரனின் பளிங்குப் பலகை நாற்பதில் போயிற்று, பச்சை மைக் கையெழுத்து நூறில் போயிற்று, ஆயிரத்துத் தொள்ளாயிரம் வருஷம் கழித்தும் காரைமேட்டில் படிக்க முடிந்தது ஒரே ஒரு கைநாட்டுதான்.

இளமுருகு எட்டிப் பார்த்தார். பிறகு தன் சட்டைப்பையிலிருந்த பச்சை மைப் பேனாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, காத்தாயிக்குக் கும்பிடு போட்டார்.

மேலே கடைசிச் சிமெண்டு இறங்கி, கிணற்றின் வாய் மூடியது. ஊர் கொஞ்ச நேரம் தலை குனிந்து நின்றுவிட்டுக் கலைந்தது. மங்கையர்க்கரசி பெட்டிமேல் உட்கார்ந்து, இரண்டு பேனாவையும் மூடிச் சட்டைப்பையில் போட்டாள்.

"காத்தாயம்மா, ஒரு டீ."

காத்தாயி கட்டியை மடியில் கட்டிக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தாள். பிறகு திரும்பி, "சக்கர போடவாங்க?" என்றாள்.

மங்கையர்க்கரசி மூடிய கிணற்றை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "போடுங்க" என்றாள். "ரெண்டு ஸ்பூன்."